ஒட்டுக்கு மேலே

சுவாமிமலையில் யாரும் யாருக்கும் உபதேசம் செய்யலாம். பெரியவர், சின்னவர் என்ற பேதம் அந்த ஊரில் செல்லாது. பிள்ளை குருவாக உட்கார்ந்து பிரணவத்தின் பொருளைச் சொல்ல, அப்பன் சீடனாகக் கேட்டுக்கொண்டான் என்பது ஸ்தல புராணம். அந்த முன்மாதிரியை ஊர்க்காரர்கள் இன்றுவரை கைவிடவில்லை. கும்பகோணத்திலிருந்து மேற்கே வருகிற டவுன் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியதுதான் தாமதம். எந்தக் கடையில் வெற்றிலை வாங்கலாம், முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் கேட்கும், கோயிலின் அறுபது படியையும் மூச்சு வாங்காமல் ஏறுவது எப்படி என்று ஏதாவது ஓர் உபதேசம் காதில் விழுந்துவிடும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷங்களின் பெயர்தான் அந்தப் படிகளுக்கும். மலையே இல்லாத நெல்வயல் சீமையில் முருகனுக்கு மலை வேண்டுமே என்று கட்டிக்கொண்ட கட்டுமலை அது.

எனக்கு அங்கே கிடைத்த உபதேசம் ஒரு நெல்லிக்கன்றைப் பற்றியது. சொன்னவனுக்கு இருபத்தாறு வயசு. கேட்டுக்கொண்டவனுக்கு அறுபத்துமூன்று.

கதை எழுதுகிறவனுக்கு மரம் வளர்ப்பதைப்போலச் சுலபமான காரியம் வேறு இல்லை. கொல்லையில் ஒரு மாமரம் நின்றது என்று எழுதினால் நின்றுவிடும். அடுத்த அத்தியாயத்தில் பூத்துவிடும். கதாநாயகி அழவேண்டிய இடத்தில் நாலு இலையைக்கூட உதிர்த்துக் கொடுக்கும். முப்பது வருஷமாக இப்படி எத்தனையோ தோப்புகளை உண்டாக்கியிருக்கிறேன். ஆனால் கையில் மண் பட்டு ஒரு செடியை நான் கவனித்தது 2024ஆம் வருஷக் கடைசியில், என் அத்தை வீட்டுக் கொல்லையில்தான். சந்தடியில்லாத இடத்தில் உட்கார்ந்து ஒரு நாவலை முடிக்கலாமென்று சென்னையிலிருந்து அங்கே போயிருந்தேன்.

நெல்லியை வைத்தவர் மாமா. சுவாமிநாதசுவாமி கோயிலுக்கு ஸ்தல விருட்சம் நெல்லி. அதனால் அந்த ஊரில் நெல்லிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஆனால் மாமா பக்தியினால் அதை வைத்தார் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவர் கணக்குக்காரர். சர்க்கார் உத்தியோகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், வீட்டுக்கு வந்த பிறகும் பால் கணக்கு, வைக்கோல் கணக்கு என்று ஒரு நீள நோட்டை விடாமல் வைத்திருந்தார். விதையில் முளைத்த நாட்டு நெல்லி காய்க்க ஏழெட்டு வருஷம் பிடிக்கும். ஒட்டுக்கன்று மூன்று நாலு வருஷத்தில் காய் காட்டிவிடும். எண்பத்தொரு வயசுக்காரர், அதிலும் கணக்கு தெரிந்தவர், எதை வாங்குவார்? பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பி.எஸ்.ஆர். 1 என்ற ரகத்தில் ஓர் ஒட்டுக்கன்றை வாங்கிவந்து, 2023 ஆடி மாசத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் நட்டார். நோட்டில் அன்றைய தேதியில், ‘நெல்லி ஒட்டு 1 - ரூ. 80’ என்று எழுதியிருக்கிறார். ஐப்பசியில் போய்விட்டார். அவருடைய கணக்கில் அந்த ஓரிடம்தான் பிசகிவிட்டது.

மறு வருஷம் நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஃபெஞ்சல் என்று பெயர் வைத்த அந்தப் புயல் 30ஆம் தேதி புதுச்சேரிப் பக்கம் கரை ஏறிற்று. எங்களை மழையோடு விட்டுவிட்டது. ஆனால் நாளெல்லாம் நனைந்து ஊறிப்போன தென்னைமட்டை விழுவதற்குப் புயல் எதற்கு? ஒரு ராத்திரி கொல்லையில் பொத்தென்று சத்தம் கேட்டது. காலையில் போய்ப் பார்த்தால் முற்றின மட்டை ஒன்று நெல்லியின்மேல் குறுக்கே கிடந்தது. மட்டையைத் தூக்கினேன். கட்டைவிரல் பருமன் தண்டு, தரையிலிருந்து ஒன்றேகால் சாண் உயரத்தில் ஒடிந்திருந்தது. மேல்பாகம் முழுவதும் ஒரு பக்கத்துத் தோலை மட்டும் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிற்று. இலைகள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பச்சையாக இருந்தன. செடிகளுக்குச் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேரும்போலிருக்கிறது.

உபதேசிகள் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார், “பிடுங்கிப் போட்டுட்டு வேற கன்னு வைங்க. நூறு ரூபாய்ச் சமாசாரம்” என்றார். பால்காரர், “அடியோட ஒரு வெட்டு வெட்டி விட்டா, தன்னாலே தழையும்” என்றார். இரண்டும் அனுபவசாலிகளின் வார்த்தை. இரண்டிலும் நியாயம் இருந்தது.

அத்தை கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, புலம்பவுமில்லை. “வேற வெக்கலாம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அது நான் வெச்சதா இருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நூறு ரூபாய்ச் சமாசாரம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்த இருபத்தாறு வயசுக்காரன் வந்தது அப்போதுதான். அடுத்த தெருவில் விக்கிரகம் வார்க்கிற பட்டறை ஒன்றில் வேலை செய்கிறவன். மாமா இருந்த நாளில் அவரிடம் வங்கிப் பாரங்களை நிரப்பிக்கொள்ள வருவான். அந்த நன்றியில் அத்தைக்குக் கடைகண்ணிக்குப் போய்வருவான். செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். ஒடிந்த இடத்தை அவன் முதலில் பார்க்கவேயில்லை.

“ஒட்டு எங்கே இருக்கு சார்?” என்றான்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு கொஞ்சம் புடைத்துக் கோணலாகத் திரும்பியிருந்தது. விரலால் அதைத் தடவிக் காட்டினான்.

“இதுக்குக் கீழே இருக்கிறது நாட்டு நெல்லி. வேருக்காக வெச்சது. இதுக்கு மேலே இருக்கிறதுதான் தாத்தா வாங்கின நெல்லி. ஒடிஞ்சது மேலே மூணு விரல் தள்ளி. அடியோட வெட்டினாத் தழையும் சார். நல்லாவே தழையும். ஆனா அது வேற மரம்.”

எனக்குச் சுருக்கென்றது. பால்காரர் சொன்னபடி செய்திருந்தால் பங்குனியில் செழிப்பாகத் துளிர் வந்திருக்கும். பிழைத்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்போம். இலையைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கவும் முடியாது. இரண்டும் நெல்லிதானே, அதே சீப்புப் பல் இலைதான். ஏழெட்டு வருஷம் கழித்துக் கோலிக்குண்டு அளவில் காய் வரும்போதுதான் மாமாவின் மரம் என்றைக்கோ போய்விட்டது தெரிந்திருக்கும். அத்தைக்கு அப்போது எண்பத்தாறு வயசு இருக்கும்.

“ஒடிஞ்ச இடத்திலேயே வெட்டி, ஒட்டுக்கு மேலே இருக்கிற மூணு விரலைக் காப்பாத்தினால் போதாதா?” என்று கேட்டேன்.

“பிளவு ஒட்டு வரைக்கும் இறங்கியிருக்கு பாருங்க. வெட்டினா அந்த மூணு விரலும் காஞ்சிடும். தோல் ஒரு பக்கம் அறுபடாம இருக்கே, அதை நம்பிக் கட்டிப் பார்ப்போம்.”

கட்டினான். அவன் கட்டியதை நான் விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். அதைப் பார்த்தது எனக்கு ஒரு நல்ல கச்சேரி கேட்டதுபோல் இருந்தது. முதலில் செடியின் தலையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்தான். “அடிபட்டவன் தலையிலே மூட்டை எதுக்கு?” என்றான். பிறகு தொங்குகிற பாகத்தை இரண்டு கையாலும் தூக்கி, திறந்த புஸ்தகத்தை மூடுகிற மாதிரி பிளவை மூடினான். தோலின் விளிம்பு தோலின் விளிம்போடு சேர்ந்ததா என்று கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சேரவில்லை. திறந்து, உள்ளே நின்ற ஒரு சிராயை நகத்தால் எடுத்துவிட்டு மறுபடி மூடினான். அப்படியே என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். விரல்கடை அகலத்தில் மூன்று மூங்கில் பிளாச்சுகளைச் சுற்றிலும் நிறுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டிருந்த வாழைநாரைக் கீழிருந்து மேலாக ஒன்றோடொன்று நெருக்கிச் சுற்றினான். அதன்மேல் காவிரி வண்டலும் சாணியும் சேர்த்துக் குழைத்த மண்ணை அப்பினான். அத்தை உள்ளேயிருந்து ஒரு பழைய வேஷ்டியைக் கொண்டுவந்தாள். யாருடைய வேஷ்டி என்று நாங்கள் கேட்கவில்லை. அதைக் கிழித்து மேலே சுற்றினான். கடைசியில் ஒரு சவுக்குக் கம்பை அரை முழம் தள்ளி ஊன்றி, செடியை அதோடு எட்டுப் போட்ட மாதிரி தளர்த்திக் கட்டினான். மழையில் மண் கரையாமலிருக்க மேலே ஒரு கீற்று வேண்டும் என்றான். அத்தை, விழுந்த அந்த மட்டையையே இழுத்துப்போட்டு முடைந்து கொடுத்தாள். அதற்கு அது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

“எங்கே கத்துக்கிட்டே?” என்று கேட்டேன்.

“இதுதானே சார் தினமும் செய்யிற வேலை?” என்று சிரித்தான்.

வாஸ்தவம்தான். சுவாமிமலையில் விக்கிரகம் செய்கிற முறை இன்றும் அதுதான். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, அந்த மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் மாவுபோன்ற காவிரி வண்டலை முதல் பூச்சாகப் பூசுகிறார்கள். அந்த மண் மெழுகின் நகக்கண்ணைக்கூட விடாமல் பிடித்துக்கொள்ளும். அது காய்ந்த பிறகு மேலே மேலே மண், அதைச் சுற்றி இரும்புக் கம்பிக் கட்டு. சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுக்கிறார்கள். ஒரு மண்ணுக்கு ஒரு விக்கிரகம்தான், இரண்டாவது கிடையாது. “மெழுகிலே கை ஒடிஞ்சாச் சூடு காட்டி ஒட்டிடலாம். வார்த்த பிறகு ஒடிஞ்சா முதல்லேருந்து வரணும். செடி ரெண்டுலேயும் சேராது சார். அதுவாத்தான் ஒட்டிக்கணும். நாம பிடிச்சுக்கிட்டு நிக்கலாம்” என்றான்.

அவன் போன பிறகு என் நாவலை மூடிவைத்துவிட்டு இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தோலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. பச்சைக் கிளையின் தோலை உரித்தால் வழவழவென்று விரலில் படுமே, அந்த இடம். கேம்பியம் என்று பள்ளிப் புஸ்தகத்தில் பெயர். மரம் பருப்பதெல்லாம் அந்தப் படலத்தினால்தான். உள்பக்கம் கட்டையைப் போட்டுக்கொண்டே போகும். அதன் வழியாக வேரின் தண்ணீர் மேலே ஏறும். வெளிப்பக்கம் உள்தோலைப் போடும். அதன் வழியாக இலை சமைத்த சாப்பாடு கீழே இறங்கும். ஒடிந்த இடத்தில் இந்தப் படலத்தின் இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, காயாமல், அசையாமல் இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளையாகப் பொருக்குப்போல ஒரு சதை வளரும். அது நாளடைவில் ஒன்று சேர்ந்து, அதற்குள் புதிய படலம் ஓடிவிடும். ஒட்டுக்கட்டுகிறவர்கள் செய்வதும் இதுவேதான். மாமா எண்பது ரூபாய் கொடுத்து வாங்கியதே கட்டி ஆற்றிய ஒரு காயத்தைத்தான்.

ஆனால் ஒடிந்த பழைய கட்டை மறுபடி ஒட்டுவதில்லை. நம் எலும்பு கூடுவதைப்போல அது கூடாது. செத்த நார் செத்த நார்தான். அதைச் சுற்றிப் புதிய கட்டை வளர்ந்து, உறைபோட்டதுபோல் மூடிவிடுகிறது. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வன விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து இதைச் சொன்னார். மரம் காயத்தை ஆற்றுவதில்லையாம். நாலு பக்கமும் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு மேலே வளர்ந்துகொண்டு போகிறதாம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பட்ட அடி உள்ளே அப்படியே இருக்கும். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. அத்தை அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தாள்.

வாழைக்கும் தென்னைக்கும் இந்த வித்தை பலிக்காது. அவற்றுக்கு அந்தப் படலமே இல்லை. வாழை ஒடிந்தால் அந்த மரம் போயிற்று. பக்கக் கன்றைப் பார்க்கவேண்டியதுதான். தென்னைக்குப் பக்கக் கன்றும் கிடையாது, தலை போனால் எல்லாம் போயிற்று. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து ஜனங்களுக்கு இது நன்றாகத் தெரிந்தது. வேம்பும் புளியும் கிளை முறிந்தாலும் அடுத்த மழையில் தழைத்துக்கொள்ளும். முறிந்த தென்னை தழைக்குமா? தலைமுறைச் சொத்தாக நின்றவை ஒரு ராத்திரியில் விறகாகிவிட்டன. கட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசைக்குக்கூட அங்கே இடமில்லை. எங்கள் நெல்லிக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது.

இன்னொன்றும் படித்தேன். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சுரபாலர் என்பவர் சமஸ்கிருதத்தில் விருட்சாயுர்வேதம் என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதன் ஏட்டுப் பிரதி இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருந்தது. 1996இல்தான் மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. மரங்களுக்கும் வாதம், பித்தம், கபம் உண்டு என்று தொடங்கி வியாதி வியாதியாக வைத்தியம் சொல்கிறார். ஒடிந்த மரத்துக்கு என்ன செய்வது? அத்தி இனத்து மரங்களின் பட்டையை அரைத்து, நெய், தேன், பால் முதலியவற்றோடு குழைத்துப் பூசி, ஒடிந்த பாகங்களைச் சேர்த்து, நெற்பயிரின் தாளில் திரித்த கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும் என்கிறார். நெய்யும் தேனும் என்ன செய்யுமோ, அதை விஞ்ஞானிகள் சொல்லட்டும். வைக்கோல் பிரி என்ற இடத்தில் எனக்குப் புல்லரித்தது. மறுநாள் பட்டறைப் பையனிடம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை. “வைக்கோல் பிரியும் நல்லதுதான் சார். நம்மகிட்ட நார் இருந்துச்சு” என்றான்.

மார்கழி நல்லபடியாகப் போயிற்று. இலை வாடவில்லை. தை பிறந்ததும் ஒவ்வொரு குச்சியாக உதிர ஆரம்பித்தது. நெல்லி இலை தனித்தனியாக உதிர்வதில்லை. இலைகளைத் தாங்குகிற மெல்லிய குச்சியோடு விழும். மாசியில் ஓர் இலைகூட இல்லை. கம்புக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பாக நின்றது. வாத்தியார் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் எட்டிப் பார்ப்பார். மரியாதைக்காக ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனம் பெரிய உபத்திரவம்.

நெல்லிக்கு அது இலையுதிர்காலம்தான். ஊரில் இருக்கிற மற்ற நெல்லிகளும் மொட்டையாகத்தான் நின்றன. ஆனால் அவற்றுக்குக் கட்டு இல்லையே. செத்ததும் உறங்குவதும் ஒரே மாதிரி இருக்கிற அந்த இரண்டு மாசம் இருக்கிறதே, அதைக் கடப்பதுதான் செடி வளர்க்கிறவனுக்கு உண்மையான பரீட்சை. தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றலாமா என்று கை பரபரக்கும். இலையில்லாத செடி எவ்வளவு குடித்துவிடும்? பையன் வாரத்துக்கு ஒரு செம்பு என்று அளந்து கொடுத்திருந்தான். கட்டைப் பிரித்துப் பார்க்கலாமா என்றும் தோன்றும். அதையும் கூடாதென்று சொல்லியிருந்தான். ஒன்றே ஒன்றுக்கு உத்தரவு உண்டு: கட்டுக்கு மேலே, தோலில் நகத்தால் எள்ளளவு கீறிப் பார்க்கலாம். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகிவிட்டால் இல்லை. மாசி மகத்தன்று கீறினேன். பச்சை தெரிந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். “கொசு கடிச்சாப்பல இருக்கு” என்றாள். ஆனால் அன்றைக்கு இரண்டாம் தடவை காபி கொடுத்தாள்.

பங்குனியில் துளிர் வந்தது. விடிகாலையில் அத்தைதான் முதலில் பார்த்தாள். “தம்பி, வந்துட்டுதுடா!” என்று அவள் கூப்பிட்ட குரலை நான் மறக்கமாட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். செம்பு நிறத்தில் இரண்டு துளிர், தளதளவென்று.

இரண்டும் ஒட்டுக்குக் கீழே.

அவளுக்கு உடனே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் பையன் வந்தான். பார்த்தான். அத்தையின் முகத்தையும் பார்த்தான். “பாட்டி, இதைக் கிள்ளிடணும்” என்றான்.

“பச்சையைக் கிள்ளச் சொல்றியே! நாலு மாசமா காத்து இப்பத்தான் வந்திருக்கு.”

“இது கீழ்மரத்துத் துளிர் பாட்டி. வேர் கொடுக்கிற தண்ணியை எல்லாம் இதுவே குடிச்சிடும். மேலே இருக்கிறது கண்ணைத் திறக்காமலே போயிடும்.”

“மேலே செத்துப் போயிருந்தா? இதையும் கிள்ளிட்டா எனக்கு என்ன இருக்கு?”

இதற்கு வாதத்தில் பதில் உண்டு. வேர் உயிரோடு இருக்கிறவரை கீழே மறுபடியும் துளிர் விடும். ஆகவே கிள்ளினால் நஷ்டம் கொஞ்சம்தான். கிள்ளாவிட்டால் நஷ்டம் முழுசு. பையன் அதைச் சொன்னான். நானும் சொன்னேன். அத்தை அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டாள். கணக்குக்காரரோடு ஐம்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அது புரியாமலில்லை. ஆனால் கண்ணெதிரே இருக்கிற பச்சையைக் கிள்ளி எறிந்துவிட்டு, வந்தாலும் வராமற்போனாலும் சொல்வதற்கில்லாத ஒன்றுக்காகக் காத்திரு என்றால் யாருக்குத்தான் கை வரும்? அப்போது அவளுக்கு எழுபத்தெட்டு வயசு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் வற்புறுத்தவில்லை. செடி அவளுடையது.

இரண்டு நாள் துளிர் வளர்ந்தது. நன்றாகவே வளர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் நான் பல் விளக்கக் கிணற்றடிக்குப் போனபோது துளிர்கள் துவைக்கிற கல்லின்மேல் கிடந்தன. அத்தை உள்ளே தயிர் கடைந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பதினேழு நாள். குரோதி வருஷம் முடிந்து விசுவாவசு பிறந்தது. புது வருஷத்துக்காகக் கோயிலுக்குப் போய் அறுபது படியும் ஏறி இறங்கினாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு. சித்திரை ஐந்தாம் தேதியோ ஆறாம் தேதியோ, கட்டுக்கு மேலே ஒரு சாண் தள்ளித் தோல் வெடித்துக் கடுகளவு ஒரு மொட்டு வந்தது. மறுநாள் இன்னொன்று. இந்தத் தடவை அவள் யாரையும் கூப்பிடவில்லை. என்னிடம் வந்து, “போய்ப் பாரு. நான் நினைக்கிற இடம்தானான்னு சொல்லு” என்றாள். அந்த இடம்தான்.

கட்டை எப்போது அவிழ்ப்பது என்பது அடுத்த கவலை. சீக்கிரம் அவிழ்த்தால் காற்றில் மறுபடி முறியும். தாமதித்தால் தண்டு பருக்கிறபோது கட்டே கழுத்தை நெரித்துவிடும். கம்பியும் பிளாஸ்டிக் நாடாவும் கட்டினவர்களுக்கு இந்த ஆபத்து. வாழைநாருக்கு ஒரு நல்ல குணம். தன் வேலை முடிகிற சமயத்தில் அதுவே மக்க ஆரம்பித்துவிடுகிறது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, காவிரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஆனி மாசத்தில் பையன் வந்து மண்ணைத் தட்டிவிட்டான். நார் நூல் நூலாக உதிர்ந்தது. உள்ளே தண்டு, பிளவின் நெடுகிலும் உதடு குவித்ததுபோல் தடித்து மூடியிருந்தது. அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கீழே ஒரு கோணல், மேலே ஒரு முண்டு. ஒட்டு ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. அத்தை அந்த இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று தடவை தடவினாள். சவுக்குக் கம்பு மட்டும் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்று பையன் சொன்னான்.

அதற்குள் நர்சரிக்காரர் ஒருவர் புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஒற்றை நெல்லி சரியாகக் காய்க்காதாம். தன் பூவின் மகரந்தம் தனக்கு அவ்வளவாகப் பயன்படாதாம். பக்கத்தில் வேறு ரகத்தில் இன்னொரு மரம் இருந்தால்தான் நன்றாகக் காய் பிடிக்குமாம். விசாரித்துப் பார்த்தேன். அவர் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, வாஸ்தவமாகவே சொன்னார்.

ஆடிப்பெருக்கன்று என்.ஏ. 7 என்ற ரகத்தில் ஒரு கன்று வாங்கிவந்தோம். மாமாவின் நெல்லிக்கு இருபதடி தள்ளி, தென்னைக்கு எட்டாத இடமாகப் பார்த்து நான் குழி வெட்டினேன். அத்தை, “நான் வெக்கிறேன்” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கன்றைக் கையில் வாங்கிக்கொண்டவள் குழிக்குள் வைக்காமல் பையனைப் பார்த்து, “இதிலே ஒட்டு எங்கே இருக்குன்னு முதல்லே காட்டு” என்றாள்.